பெரிய நடை

ரயில் பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். ஊரில் எல்லாரும் அவரை கார்னெட் என்றே கூப்பிட்டார்கள். கார்னெட் என்பது பித்தளையில் செய்த ஊது வாத்தியம், ட்ரம்பெட்டின் குட்டைத் தம்பி. அதை அவர் வாசிக்க ஆரம்பித்த சில வருடங்களில் வாத்தியத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சொல்லி யாராவது தேடி வந்தால் பட்டறைக் காவலாளியே யோசிப்பாராம்.

பாய்லர் பிரிவில் நாள் முழுவதும் இரும்புத் தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடிப்பார்கள். ஒருவர் பாய்லருக்குள்ளே குனிந்து உட்கார்ந்து ரிவெட்டின் தலையைத் தாங்கிப் பிடிக்க, வெளியே இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். உள்ளே உட்காருகிறவர் கார்னெட். அங்கே பேச்சு என்றாலே கத்தல்தான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள் என்று அவருடைய மனைவி சொல்வார். வாத்தியத்தை உதட்டில் வைத்தால் மட்டும் ஆள் வேறு. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல வாசிப்பார்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இனிமே அதுலயே ஊதிக் கேளுங்க. செஞ்சு தரேன்" என்பார் மனைவி.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர்களுடைய கடைசி மகள். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது நெருங்குகிறது. அப்பாவின் சத்தம் அவருக்கும் வந்திருக்கிறது.

கார்னெட்டுக்கு வாத்தியம் கற்றுக் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. பட்டறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாம். மதிய இடைவேளையில் பட்டாளத்து பேண்டு அங்கே பழகும். இவர் சாப்பாட்டுத் தூக்கோடு சுவர் ஓரம் போய் உட்கார்ந்து, கேட்டதை விசிலடித்து விசிலடித்து மனதில் ஏற்றிக்கொண்டார். ஊரைவிட்டுப் போன ஒரு சிப்பாய் விட்டுச் சென்ற நசுங்கிய கார்னெட் கைக்கு வந்தபோது, வாசிப்பதற்கு அவரிடம் ஏற்கெனவே நிறையப் பாட்டுகள் இருந்தன. நசுங்கலைப் பட்டறையிலேயே தட்டி நிமிர்த்திக்கொண்டார்.

சுவர் ஓரம் கற்றதில் ஒரு குறை இருந்தது. சுவரைத் தாண்டிச் சத்தம் வரும். அது எதற்கான பாட்டு, யாருக்காக, எப்போது என்பதெல்லாம் வராது. பெயரும் வராது. அதனால் அவரே பெயர் வைத்தார். துள்ளி ஓடுகிற ஒன்றுக்குக் குதிரை. கொஞ்சம் சோம்பலாக வளைந்து வளைந்து போகிற ஒன்றுக்குப் பூனை. இன்னொன்று மிக மெதுவானது, ஒவ்வொரு அடியையும் தரையில் ஊன்றி வைத்து நகர்வது. அதற்குப் பெரிய நடை என்று பெயர் வைத்தார். அவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகத் தோன்றியது அதுதான்.

பட்டறை ஆட்களைச் சேர்த்து ஒரு பேண்டு அமைத்தார். பெரிய டிரம் அவருடைய மனைவியின் தம்பிக்கு. ரயில் பெட்டிப் பிரிவில் தச்சு வேலை செய்கிற அவனுக்கு டிரம் அடிப்பதைவிட டிரம்மைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடப்பது மிகவும் பிடிக்கும். கடைத் திறப்பு, பள்ளிக்கூட விழா, கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார்கள். முதலில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையைத்தான் வாசித்தார்கள். அந்த வேகத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னே போய்விட, பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தெரு பின்னால் வந்தார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா நடுவழியில் உட்கார்ந்தே விட்டார். அதன் பிறகு கார்னெட் பெரிய நடையை எடுத்தார்.

ஊருக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. பெண் தலை நிமிர்ந்து மெதுவாக நடக்கலாம். கட்டியிருக்கிற புடவையை எல்லாரும் நின்று பார்க்கலாம். சண்டை போட்டுக்கொண்டு வந்த சம்பந்திகள்கூட அந்தப் பாட்டு கேட்டால் வாயை மூடிக்கொண்டு கம்பீரமாக நடந்தார்கள். "பெரிய நடை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேண்டைப் பேசுவார்கள். அவருடைய மச்சானின் கல்யாணத்திலும் அதுதான். தன் கல்யாணத்துக்குத் தானே டிரம் அடிக்க முடியவில்லையே என்று அவன் வழி முழுக்க வருத்தத்தோடு நடந்தான்.

வெள்ளைக்காரர்கள் அந்தத் தெருக்களுக்கு வருவதில்லை. யாராவது ஒருவர் ஒரே ஒரு கல்யாணத்தைப் பார்த்திருந்தாலும் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பஞ்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது மச்சானுக்குக் கல்யாணமான அந்த வருடம்தான். வாசல் கதவருகே கூடி நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். உடல்களை வீட்டாரிடம் கொடுக்கவில்லை. விடிவதற்குள் இடுகாட்டுக்கு எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். ஊர்வலம் கூடாது, இரங்கல் கூட்டம் கூடாது, ஐந்து பேருக்கு மேல் ஒன்றாக நிற்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். இறந்தவர்களில் ஒருவன் விறகுக்கடை அம்மாவின் ஒரே மகன். அந்த அம்மா மறுநாளும் கடையைத் திறந்தார். அழக் கூட்டம் கூடக் கூடாது என்றால் விறகு வாங்கவாவது நாலு பேர் வரட்டும் என்று திறந்தாராம்.

சுடச் சொன்ன கவர்னரை மேலிடம் திருப்பி அழைத்துக்கொண்டது. புதிய கவர்னர் தனி ரயிலில் வருவதாகச் செய்தி வந்தது. ஊருக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஆசை. இவராவது தடையை எடுப்பாரோ என்று பேசிக்கொண்டார்கள். பட்டாளத்து பேண்டு கலவரக் காவலுக்காக வேறு ஊருக்குப் போயிருந்தது. வரவேற்பு வேலைகளைப் பார்த்த குமாஸ்தா பட்டறைக்கு ஓடி வந்தார்.

"ரயில் நின்னதும் ராஜ கீதம். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் துரை இறங்கிக் கம்பளத்துல நடந்து வருவார். அப்போ மெதுவா, கம்பீரமா, மரியாதையா ஒண்ணு. இருக்கா?"

கார்னெட் மச்சானைப் பார்த்தார். மச்சான் கார்னெட்டைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"அதுக்குன்னே ஒண்ணு இருக்குங்க."

ஸ்டேஷனில் தூண்களுக்கு எல்லாம் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். பட்டாள அதிகாரிகள், பஞ்சாலை முதலாளிகள், அவர்களுடைய மனைவிமார் வரிசையாக நின்றார்கள். ஊர் ஜனங்கள் வேலிக்கு வெளியே, ஐந்து ஐந்து பேராகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தார்கள். ரயில் வந்தது. ராஜ கீதம் நன்றாகவே போனது. கவர்னர் இறகு வைத்த தொப்பியோடு இறங்கிக் கம்பளத்தில் காலை வைத்தார். கார்னெட் தலையை அசைத்தார். பெரிய நடை தொடங்கியது.

முதலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரி, யோசிக்கும் முன்பே கை பழகிய வேகத்தில், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். வரிசை முழுக்கத் தொப்பிகள் இறங்கின. கவர்னர் நின்றுவிட்டார். யாரோ பெரிய மனிதர் இறந்த செய்தி தனக்கு முன்னே ஊருக்கு வந்துவிட்டது போலும் என்று நினைத்தாராம். அவரும் இறகுத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

பேண்டுக்காரர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு மரியாதை அவர்கள் வாத்தியத்துக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை.

"மச்சான், தொப்பியைக் கழட்டிட்டாங்க! ரொம்பப் பிடிச்சிருச்சு போல. இன்னொரு தடவை எடுங்க" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து மச்சான் கிசுகிசுத்தான்.

கார்னெட் முதலிலிருந்து எடுத்தார். முன்பைவிட மெதுவாக, முன்பைவிட உருக்கமாக. வேலிக்கு வெளியே ஜனங்கள் சத்தமில்லாமல் நின்று அரசாங்கம் தலை குனிவதைப் பார்த்தார்கள்.

மதியத்துக்குள் பேண்டு முழுக்க போலீஸ் நிலையத்தில் இருந்தது. எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. தாளம் பிசகிவிட்டதா என்று மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தார் கார்னெட். ஜாமீன் எடுக்க வந்த வக்கீல் இளைஞர். வெள்ளைக்காரர் நாட்டிலேயே போய்ப் படித்துவிட்டு வந்தவர். கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க வாசிச்சது என்ன பாட்டுன்னு தெரியுமா?"

"பெரிய நடை. உங்க கல்யாணத்துக்கும் நான்தானே வாசிச்சேன், தம்பி?"

"நீங்கதான் வாசிச்சீங்க. அது அவங்க சாவுக்கு வாசிக்கிறதுண்ணே. ராஜா, தளபதி யாராவது செத்தா பெட்டிக்குப் பின்னாடி வாசிச்சுக்கிட்டே போவாங்க."

கார்னெட் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை. பிறகு கார்னெட்டும் நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்சு அங்க படிக்கப் போனேன்ல? ஒரு பெரிய மனுஷன் சவ ஊர்வலம் தெருவுல போச்சு. பாட்டைக் கேட்டதும் எனக்கு என் பொண்டாட்டி நினைப்பு வந்து சிரிப்பு வந்துடுச்சு. சுத்தி நின்னவங்க அடிக்காத குறை."

"திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வீட்டுல அவளுக்கு அந்தப் பாட்டுன்னா உயிர். எப்படிச் சொல்றது?"

மூலையில் இருந்து மச்சான் மெதுவாகக் கேட்டான். "அப்போ என் கல்யாணத்துல என்னைச் சவமாத்தான் கூட்டிக்கிட்டுப் போனீங்களா, மச்சான்?"

கார்னெட் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

கவர்னரை அவமதித்தது, கலவரத்தைத் தூண்டியது என்று இரண்டு குற்றங்கள் எழுதியிருந்தார்கள். வக்கீலுக்குக் கவலையே இல்லை. தெரியாமல் செய்தது என்று சொல்லி, ஊரில் கல்யாணமான ஜோடிகளைச் சாட்சிக்கு வரிசையாக நிறுத்தினால் நீதிமன்றமே சிரித்து அனுப்பிவிடும் என்றார். "நீங்க உள்ளதைச் சொன்னாப் போதும்ணே."

ஜாமீனில் வெளியே வந்தபோது உள்ளது வேறாகிவிட்டிருந்தது. கடைத்தெருவில் அவர் நடந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். பட்டறையில் சம்மட்டிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாய்லரைச் சுற்றி வந்தார்கள். ஆறு பேருக்கும் அழக்கூட விடாத அரசாங்கத்தைத் தொப்பி கழற்ற வைத்த ஆள் என்று பேச்சு. முடி வெட்டுகிறவர் அவர் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இந்த வாயில எவ்வளவு தைரியம் பாரு!" என்றார்.

வீட்டில் மனைவி கேட்டார். "அது சாவுப் பாட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு ஊர்க்காரங்க கை குலுக்கும்போது தலையை ஆட்டினீங்க?"

"நான் ஆட்டலை. அவங்க குலுக்கின குலுக்குல அது தானா ஆடிச்சு."

"நல்லா ஆடிச்சு. பிள்ளைங்க தெருவுல பேண்டு விளையாடுதுங்க. யாரு கார்னெட், யாரு கவர்னர்னு சண்டை."

அந்த வாரம் ஒரு நாள் காலையில் விறகுக்கடை அம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வேலி ஓரம் நின்னேன் தம்பி. அவங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சப்போ, என் பையனுக்கு ஒரு சத்தமாவது கிடைச்சுதுன்னு நினைச்சேன். அவனை நினைச்சுத்தானே வாசிச்சீங்க?"

அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கார்னெட்டின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

கார்னெட் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாத்தியத்தை எடுத்துத் துடைத்தார். வைத்தார். மறுபடி எடுத்துத் துடைத்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கோர்ட்டுல போய்த் தெரியாதுன்னு சொல்லப் போறீங்க. அந்தம்மா அங்க உட்கார்ந்து கேக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

"சொன்னா உடைஞ்சு போயிடுவாங்க."

"கோர்ட்டுல கேட்டா உடைய மாட்டாங்களா?"

கடையில் அந்த அம்மா தராசில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் போகிறவரை கார்னெட் ஓரமாக நின்றார். பிறகு சொன்னார். சுவர் ஓரம் கற்றதை, பெயர் வைத்ததை, கல்யாணங்களை, குமாஸ்தா கேட்டதை. "அக்கா, அது சந்தோஷத்துக்கு வாசிக்கிறதுன்னுதான் நினைச்சேன். உங்க பையனை நினைக்கலை. அன்னிக்கு எனக்கு யார் நினைப்பும் இல்லை. நல்லா வாசிக்கணும்கிறது மட்டும்தான்."

அந்த அம்மா தராசுத் தட்டிலிருந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே அடுக்கினார். கோபமாகத் தெரியவில்லை, கணக்குப் போடுகிறவர்போல இருந்தார்.

"அப்போ என் பையனுக்கு இன்னும் யாரும் எதுவும் வாசிக்கலை."

"இல்லைக்கா."

"சரி. நீ போ."

அதுவரை நீங்க என்று பேசியவர் நீ என்றது அவருக்குத் திட்டாகப் படவில்லை. வீட்டு ஆளிடம் சொல்வதுபோல இருந்தது. அதுதான் அவரை மிகவும் வருத்தியது.

நீதிமன்றத்தில் இடமில்லை. கல்யாண ஜோடிகள் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பாட்டனார் தான் இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டதாகவும், இரண்டுக்கும் பெரிய நடைதான் என்றும், இரண்டு மனைவிகளும் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி துரை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

கார்னெட் கூண்டில் ஏறி, தெரியாமல் வாசித்ததாக ஒப்புக்கொண்டார். வழக்கம்போலக் கத்தித்தான் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பட்டறை ஆட்கள் சிலர் தலையைத் தொங்கப் போட்டார்கள். விறகுக்கடை அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி பேசியதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "துரைக்குத் திருப்தி. நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ரெண்டே விஷயம். கவர்னர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இந்தப் பாட்டை இனிமே பொது இடத்துல வாசிக்க மாட்டேன்னு உறுதி குடுக்கணும்."

வக்கீல் பேனாவை நீட்டிவிட்டார். அவர் முகத்தில் வழக்கு முடிந்த நிம்மதி. மனைவி கடைசி மகளை இடுப்பில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார், புறப்படத் தயாராக.

"மன்னிப்புக் கேட்டுக்கறேன். வந்த அன்னிக்கே மனுஷனைப் பயமுறுத்திட்டேன். வேணும்னு செய்யலை" என்றார் கார்னெட். "இன்னொண்ணு முடியாது."

"எது?"

"வாசிக்க மாட்டேன்கிறது."

வக்கீல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "அண்ணே, வேற நூறு பாட்டு இருக்கு. குதிரை இருக்கு. பூனை இருக்கு."

"ஏன் முடியாதுன்னு துரை கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசினார். பின்வரிசைக்காரர்கள் கேட்க முடியாமல் எழுந்து நின்றார்கள். "ஒருத்தருக்கு வாசிக்க வேண்டியது இருக்குங்க. முதல் தடவை தெரியாம வேற யாருக்கோ வாசிச்சுட்டேன். தெரிஞ்சு ஒரு தடவை வாசிக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் அதை மிகக் கவனமாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். நீதிபதி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. ஊரில் யாருக்குமே அதைக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

மற்றவர்களை விட்டுவிட்டார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் என்பதாலும், உறுதிமொழி தர மறுத்ததாலும் கார்னெட்டுக்கு எட்டு மாதம். வெளியே கொண்டுபோகும்போது மனைவி எதிரே வந்து நின்றார். கண்ணில் நீர் நிற்க, வாய் மட்டும் சண்டைக்கு நின்றது.

"வீட்டுல எப்பவாவது இவ்வளவு மெதுவாப் பேசியிருக்கீங்களா? அந்த ஆளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"நீதானே முன்னாடியே போய்ச் சொல்லச் சொன்னே."

"ஜெயிலுக்குப் போகச் சொன்னேனா? போயிட்டு வாங்க. வந்ததும் பேசிக்கறேன்."

பட்டறை வேலை போய்விட்டது. மறுவாரம் விறகுக்கடை அம்மா வீட்டுக்கு வந்து, "எனக்குக் கை ஓயுது. தராசு பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும்" என்றார். மனைவி போய் நின்றார். முதல் நாளே எடை போடுவதில் இருவருக்கும் வாக்குவாதம். வாங்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் விழித்தார்கள். அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் திரும்பக் கேட்டது அப்படித்தான் என்று மகள் சொல்கிறார்.

சிறையில் வாத்தியம் இல்லை. வக்கீல் மாதம் ஒரு முறை பார்க்க வருவார். இந்த வழக்கில் தோற்றதை அவரால் செரித்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அடிக்கடி அதைப் பற்றியே பேசுவார். அப்படி ஒரு நாள், "நடுவுல வருமே, அந்தப் பகுதியை ஏன் நீங்க வாசிக்கிறதே இல்லை?" என்று கேட்டார்.

"எந்தப் பகுதி?"

"கனமாப் போயிட்டே இருக்கும்போது நடுவுல ஒரு இடம் லேசாகும். ஜன்னலைத் திறந்த மாதிரி. அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பி வரும்."

கார்னெட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து பேண்டு அதைப் பழகியதே இல்லை. அல்லது இவருடைய மதிய இடைவேளை முடிந்த பிறகு பழகியிருக்கிறார்கள். இத்தனை வருடமாகப் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டுதான் ஊரை நடத்திச் சென்றிருக்கிறார்.

"பாடிக் காட்டுங்க."

"எனக்குப் பாட வராதுண்ணே."

"பரவாயில்லை, பாடுங்க."

வக்கீல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முனகினார். கேட்க முடியாத குரல். காவலாளி வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கார்னெட் கண்ணை மூடிக்கொண்டு, இங்கே கொஞ்சம் மேலே இருக்குமா, இங்கே இறங்குமா என்று கேட்டுக் கேட்டு, விசிலடித்து விசிலடித்து அதை நேராக்கினார். வக்கீல் மூன்று நான்கு தடவை வந்து போன பிறகு அது முழுமையாகக் கிடைத்தது. சரிதானா என்று கேட்டபோது வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் வெளியே வந்தபோது தடை நீங்கியிருந்தது. புதிய கவர்னர் பெரிதாக அறிவிக்காமல் ஒரு நாள் அதை எடுத்துவிட்டார். தலை குனிந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஊரில் இன்னும் வாதம் உண்டு. மகளுக்கு அதில் கருத்து இல்லை. "எடுத்தார், அவ்வளவுதான்" என்கிறார்.

விறகுக்கடை அம்மா உடனே வரச் சொல்லவில்லை. இவரும் உடனே போகவில்லை. எட்டு மாதம் ஊதாத உதடு இளகிப்போயிருந்தது. வீட்டில் எடுத்து ஊதியபோது காற்றுத்தான் வந்தது. சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை தேடிக்கொண்டு, காலையும் மாலையும் நீண்ட ஒற்றை ஸ்வரங்களை மட்டும் பழகினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மனைவி கடையிலிருந்து வந்து, "அக்கா கேக்கறாங்க" என்பார். "உதடு இன்னும் வரலைன்னு சொல்லு" என்பார் கார்னெட். "எப்படி வந்தாலும் போதும்னாங்க." "எனக்குப் போதாது."

உதடு திரும்பி வந்த ஒரு காலையில் பேண்டு இடுகாட்டுக்குப் புறப்பட்டது. சொல்லி அனுப்பாமலே பஞ்சாலை ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பட்டறை ஆட்கள், கல்யாண ஜோடிகள், முடி வெட்டுகிறவர், மொழிபெயர்ப்பாளர். ஐந்து ஐந்தாக இல்லை, தெரு அகலத்துக்கு. போலீஸ்காரர் இருவர் ஓரமாக நடந்தார்கள், யாரையும் தடுக்கவில்லை.

இடுகாட்டின் கோடியில் ஆறு மேடுகள். எந்தப் பெயரும் இல்லை. புல் முளைத்து ஒன்றுபோலவே இருந்தன. கார்னெட் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு விறகுக்கடை அம்மாவிடம் போனார்.

"உங்க பையன் எதுல இருக்கான், அக்கா?"

அந்த அம்மா வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"யாருக்குத் தெரியும்? யாருக்கும் சொல்லலையே. நீ முதல்ல இருந்து ஆரம்பி. எல்லாம் நம்ம பிள்ளைங்கதான்."

முதல் மேட்டின் முன்னால் வாசித்தார்கள். கனமான பகுதி முடிந்து அந்த லேசான இடம் வந்தபோது ஊர் முதல் தடவையாக அதைக் கேட்டது. யாரோ அழ ஆரம்பித்தார்கள். அழலாம் என்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல மற்றவர்களும் அழுதார்கள். முடிந்ததும் அந்த அம்மா அடுத்த மேட்டுக்கு நடந்தார். பேண்டும் நடந்தது. மச்சானுக்குத் தோளில் டிரம் வார் அறுத்துக்கொண்டிருந்தது. யாரோ மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டபோதும் அவன் கொடுக்கவில்லை.

ஆறாவது மேட்டுக்கு வந்தபோது கார்னெட்டின் உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது. மனைவி முந்தானையால் துடைத்துவிட்டார். வெயில் ஏறிவிட்டது, ஒருவரும் கலையவில்லை. விறகுக்கடை அம்மா புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, தன் மகன் சின்ன வயதில் எப்படி ஓயாமல் பேசுவான், எதற்கெல்லாம் அடம் பிடிப்பான் என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். கார்னெட் ஆறாவது தடவையாக மூச்சை இழுத்தார்.